சிறுநீரக நரம்பைச் சுடும் முன் அதைப் பார்க்க வழி செய்யுங்கள்: வேலூர் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் சிறுநீரகம், இதயம், அணு மருத்துவம் ஆகிய துறைகளில் பணியாற்றும் மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கும்,

வணக்கம்.

மூன்று, நான்கு மாத்திரைகளைத் தவறாமல் விழுங்கியும் ரத்த அழுத்தம் இறங்காதவர்களின் சார்பில் இதை எழுதுகிறேன். நானும் அவர்களில் ஒருத்தி. குடியாத்தத்தில் மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். சிறுநீரகத்துக்குப் போகும் நரம்புகள் எவ்வளவு முடுக்கத்தில் இருக்கின்றன என்பதை, உடலுக்குள் குழாய் எதையும் செலுத்தாமல், வெளியிலிருந்தே படமெடுத்து அறியும் ஆய்வை வேலூரில் தொடங்குங்கள். அந்த நரம்புகளைச் சுட்டு அழுத்தத்தைக் குறைக்கும் சிகிச்சை பெருநகரங்களில் பேசப்படத் தொடங்கிவிட்டது. அது இங்கும் வரும். வரும்போது யாருக்குச் செய்யலாம், யாருக்கு வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஓர் அளவுகோல் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

எங்கள் தெருவில் பீடி சுற்றும் அக்கா ஒருவர் இருக்கிறார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் வந்தால், இலையும் தூளும் கிடக்கும் முறத்தை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு இடது கையை நீட்டுவார். பட்டை இறுகித் தளரும். திரையில் 170க்கு மேல் ஓர் எண் வந்து நிற்கும். மாத்திரை போட்டாரா என்று தன்னார்வலர் கேட்பதற்குள் அக்கா உள்ளே போய்க் காலி அட்டைகளைக் கொண்டுவந்து திண்ணையில் பரப்பிவிடுவார். எண்ணிப் பார்த்தால் கணக்குச் சரியாக இருக்கும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய அந்தத் திட்டத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன். பி.பி. மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது என்பது என் இளமைக் காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். ஆனால் மாத்திரைக்கு மசியாத அழுத்தத்தோடு இருப்பவர்களுக்கு அடுத்து என்ன? மேல் சிகிச்சைக்குப் போகச் சொல்வார்கள். அங்கே இன்னொரு மாத்திரை கூடும். அதோடு பாதை முடிந்துவிடுகிறது.

பாதை அதற்கு மேலும் போகும் இடங்களில் நடப்பதையும் பார்த்துவிட்டேன். என் அண்ணன் பேரணாம்பட்டுத் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் கணக்கராக இருந்தவர். அவருக்கும் இதே தொல்லை. பெருநகரத் தனியார் மருத்துவமனை ஒன்றில், தொடை வழியாக ஒரு குழாயை விட்டுச் சிறுநீரகத் தமனியைச் சுற்றியுள்ள நரம்புகளைச் சுட்டுவிடலாம் என்றார்கள். செலவு லட்சக்கணக்கில். அண்ணி இரண்டே கேள்விகள்தாம் கேட்டார். இவருடைய பி.பி.க்கு அந்த நரம்புதான் காரணம் என்று எப்படித் தெரியும்? சுட்ட பிறகு நரம்பு செத்துவிட்டது என்று எப்படித் தெரியும்? அந்த மருத்துவர் நேர்மையானவர். இரண்டுக்கும் நேரடிச் சோதனை கிடையாது, சில மாதம் கழித்து பி.பி. இறங்குகிறதா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். பத்தாம் வகுப்பைத் தாண்டாத அண்ணி கேட்ட அந்த இரண்டு கேள்விகளும், இந்தத் துறை பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பதில் தேடிக்கொண்டிருக்கும் கேள்விகள் என்பது பிறகு படிக்கப் படிக்கத்தான் எனக்கு விளங்கியது.

நீங்கள் அறியாத ஒன்றையும் நான் சொல்லப்போவதில்லை. ஆனாலும் இது திறந்த மடல். என்னைப் போன்ற நோயாளிகளும் அவர்கள் வீட்டாரும் படிக்க வேண்டும் என்பதால் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

மூளையின் கட்டளையைத் தண்டுவடம் வழியே சிறுநீரகத்துக்குக் கொண்டுவருபவை பரிவு நரம்புகள், அதாவது நம் விருப்பமின்றித் தாமே இயங்கி உடலை முடுக்கிவிடும் நரம்புகள். சிறுநீரகத் தமனியின் வெளிச்சுவரை ஒட்டியே அவை கொடிபோல் படர்ந்து உள்ளே நுழைகின்றன. அவற்றின் நுனியிலிருந்து நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. அது மூன்று வேலைகளைச் செய்கிறது. ரெனின் என்ற நொதியின் சுரப்பைத் தூண்டுகிறது. உப்பை வெளியேற்றாமல் உடலிலேயே தக்கவைக்கச் செய்கிறது. சிறுநீரகத்தின் ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. மூன்றுமே அழுத்தத்தை ஏற்றுபவை. சிறுநீரகத்திலிருந்து மூளைக்குத் திரும்பிப் போகும் நரம்புகளும் உண்டு. சிறுநீரகம் நலிந்தால் அவை மூளையைத் தூண்டி, உடல் முழுவதும் பரிவு நரம்புகளை முடுக்கிவிடுகின்றன.

இந்த நரம்புகளை அறுத்தால் அழுத்தம் குறையும் என்பது பழைய அறிவு. நல்ல மாத்திரைகள் வருவதற்கு முன், 1930கள் தொடங்கி 1950கள் வரை, அமெரிக்காவில் ஸ்மித்விக் போன்ற அறுவை மருத்துவர்கள் முதுகைத் திறந்து பரிவு நரம்புகளை வெட்டி எடுத்தார்கள். அழுத்தம் குறைந்தது, உயிர்களும் காப்பாற்றப்பட்டன. ஆனால் எழுந்து நின்றால் மயக்கம், ஆண்மைக் குறைவு என்று மனிதர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. மாத்திரைகள் வந்ததும் அந்த அறுவை மறைந்தது. 2009இல் அது புது வடிவில் திரும்பி வந்தது. மெல்பர்னைச் சேர்ந்த குழுவினர், தமனிக்குள் குழாயை விட்டு உள்ளிருந்தே நரம்புகளைச் சுடும் முறையின் முதல் முடிவுகளை வெளியிட்டார்கள். உலகமே பரபரத்தது.

பிறகு 2014 வந்தது. அந்த ஆண்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அமெரிக்காவில் 535 பேரைச் சேர்த்த பெரிய ஆய்வில், ஒரு பிரிவினருக்கு உண்மையான சிகிச்சையும் இன்னொரு பிரிவினருக்குப் பாவனைச் சிகிச்சையும் தரப்பட்டன. ஆறு மாதத்துக்குப் பிறகு உண்மையாகச் சுடப்பட்டவர்களுக்கு மேல் அழுத்தம் சராசரியாக 14 புள்ளிகள் இறங்கியிருந்தது. குழாயை விட்டும் நரம்பைச் சுடாமல் எழுப்பியவர்களுக்கும் ஏறத்தாழ 12 புள்ளிகள் இறங்கியிருந்தது. வித்தியாசம் பொருட்படுத்தத்தக்கதாக இல்லை.

எனக்கு உறுத்துவது அந்தத் தோல்வி அல்ல. தோல்வியின் காரணத்தை யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாமல் போனதே உறுத்துகிறது. சிகிச்சையே பயனற்றதா? அல்லது பழக்கமில்லாத கைகள் நரம்புகளைச் சரியாகச் சுடாமல் விட்டுவிட்டனவா? ஆய்வுக் காலத்தில் மருந்துகள் மாறியதால் வந்த குழப்பமா? எல்லா வாதங்களும் எழுந்தன. ஆனால் அந்த நோயாளிகளின் சிறுநீரக நரம்புகள் சிகிச்சைக்கு முன் எப்படி இருந்தன, பின் எப்படி இருந்தன என்ற பதிவு இல்லை. 2009 ஆய்விலும் பத்துப் பேருக்குத்தான் சிறுநீரகத்திலிருந்து கசியும் நார்அட்ரினலினை அளந்தார்கள். சராசரியாக 47 விழுக்காடு குறைந்திருந்தது. அத்தனை ஆர்வத்துக்கும் அடித்தளமாக இருந்த நேரடி நரம்பு அளவீடு அந்தப் பத்துப் பேரோடு நின்றுவிட்டது.

பின்னால் வந்த ஆய்வுகள் கவனமாக நடத்தப்பட்டன என்பதையும் சொல்ல வேண்டும். 2018இல் மீயொலியால் சுடும் முறையை 146 பேரிடம் சோதித்ததில், பகல் நேர மேல் அழுத்தம் பாவனைச் சிகிச்சையைவிட ஆறு புள்ளிகளுக்குச் சற்று மேல் கூடுதலாக இறங்கியது. 2023 நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இரண்டு கருவிகளுக்கு அனுமதி கொடுத்தது. ஆகவே இந்தச் சிகிச்சையை நான் மறுக்கவில்லை. ஆறு புள்ளி என்பது சராசரி. சிலருக்கு இருபது இறங்குகிறது, சிலருக்கு ஒன்றும் இறங்குவதில்லை. அந்தச் சிலர் யார் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள உறுதியான வழி இல்லை. லட்சங்களைக் கடன் வாங்கிக் கொண்டுவரும் குடும்பத்துக்குச் சராசரி எதற்கு உதவும்?

அளக்கும் வழி அறவே இல்லை என்பதில்லை. மெல்பர்னின் மர்ரே எஸ்லர் உருவாக்கிய முறை ஒன்று உண்டு. கதிரியக்கம் ஏற்றிய நார்அட்ரினலினை ஏற்றிவிட்டு, சிறுநீரகச் சிரைக்குள் குழாயைச் செலுத்தி அங்கிருந்து ரத்தம் எடுத்து, எவ்வளவு நார்அட்ரினலின் கசிகிறது என்று கணக்கிடுவது. துல்லியமானது, அறிவியலுக்குப் பெரும் கொடை. ஆனால் வெளிநோயாளிப் பிரிவில் டோக்கன் வாங்கிக் காத்திருப்பவருக்குச் செய்யக்கூடியதன்று. காலில் மெல்லிய ஊசி மின்முனையைச் செருகித் தசைக்குப் போகும் பரிவு நரம்பின் துடிப்பைப் பதிவு செய்யும் முறை ஸ்வீடனில் 1960களிலேயே வந்துவிட்டது. அது காலைப் பற்றிச் சொல்லும். சிறுநீரகத்தைப் பற்றி ஊகிக்கத்தான் முடியும்.

அதனால்தான் படமெடுக்கும் முறையை வற்புறுத்துகிறேன். பரிவு நரம்பின் நுனி, தான் வெளியிட்ட நார்அட்ரினலினில் பெரும்பகுதியைத் தானே திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. நார்அட்ரினலினைப் போலத் தோற்றமளிக்கும் ஒரு பொருளில் கதிரியக்க அணுவை ஏற்றி ரத்தத்தில் செலுத்தினால், நரம்பு நுனி அதையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். வெளியிலிருக்கும் கருவி அந்த ஒளிர்வைப் படம் பிடிக்கும். உங்களுக்கு இது புதிதன்று. ரத்த அழுத்தத்தைத் தாறுமாறாக ஏற்றும் அட்ரினல் கட்டிகளைக் கண்டுபிடிக்க எம்.ஐ.பி.ஜி. என்ற இத்தகைய பொருளை அணு மருத்துவத் துறைகள் பல்லாண்டுகளாகப் பயன்படுத்தி வருகின்றன. இதயத்தின் பரிவு நரம்புகளைப் பார்க்கவும் அது பயன்படுகிறது. இதயச் செயலிழப்பு உள்ள 961 பேரிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வு, இதயத்தில் ஒளிர்வு குறைந்தவர்களுக்கு ஆபத்து அதிகம் என்று காட்டியது. இதயத்துக்கு முடிந்தது சிறுநீரகத்துக்கு ஏன் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை?

காரணங்கள் உண்மையானவை. செலுத்தும் பொருள் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. படத்தில் தெரியும் ஒளிர்வில் நரம்பு பிடித்துவைத்தது எவ்வளவு, சிறுநீராக இறங்கிக்கொண்டிருப்பது எவ்வளவு என்று பிரித்தறிய வேண்டும். சிறுநீரக நுண்குழல் செல்களும் நரம்பின் துணையில்லாமலே இப்பொருளை ஓரளவு உள்ளிழுக்கின்றன. வலது சிறுநீரகத்தின் மேல் கல்லீரலின் ஒளிர்வு வந்து படிகிறது. ஃபுளூரின்-18 ஏற்றிய புதிய பொருள்களைக் கொண்டு பெட் ஸ்கேன் எடுத்தபோது, எலிகளில் நம்பிக்கை தரும் முடிவு வந்தது. நரம்பின் உறிஞ்சலைத் தடுக்கும் மருந்தை முன்னதாகக் கொடுத்ததும் சிறுநீரகத்தின் ஒளிர்வு குறைந்தது. அதாவது அந்த ஒளிர்வில் நரம்பின் பங்கு இருக்கிறது. எலியிலிருந்து மனிதனுக்கு வரும் தூரத்தைக் கடப்பதுதான் இப்போதைய வேலை.

இன்னொன்றையும் மறைக்காமல் நோயாளிகளுக்குச் சொல்லியாக வேண்டும். இந்தப் படம் நரம்பு நுனிகள் உயிரோடு இருக்கின்றனவா, உறிஞ்சுகின்றனவா என்பதைத்தான் முதலில் காட்டும். கம்பி இருப்பது வேறு, அதில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பது வேறு. ஓட்டத்தை ஓரளவு அறிய, பொருளைச் செலுத்திய சற்று நேரத்தில் ஒரு படமும் சில மணி நேரம் கழித்து ஒரு படமும் எடுத்து, இடையில் எவ்வளவு வெளியேறியது என்று கணக்கிடுகிறார்கள். முடுக்கத்தில் இருக்கும் நரம்பு, பிடித்ததை விரைவில் விட்டுவிடும். இதயத்தில் இந்தக் கணக்குப் பழகிப்போன ஒன்று. சிறுநீரகத்தில் இதைக் கறாராக நிறுவ வேண்டும்.

வேலூரில் ஏன் என்று கேட்பீர்கள். இந்தியாவில் வெற்றிகரமான முதல் சிறுநீரக மாற்று அறுவை 1971இல் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நடந்தது. காட்பாடி ரயில் நிலையத்தில் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து இறங்கும் குடும்பங்களைப் பார்ப்பவர்களுக்கு, சிறுநீரகத்துக்காக இந்த ஊரை நாடு எப்படி நம்புகிறது என்று சொல்லத் தேவையில்லை. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று எனக்குத் தோன்றுகிறது. 1969 முதல் 1973 வரை வேலூர் நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பிறந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளின் பிறப்பு எடையைப் பதிவு செய்து, அவர்கள் வளர வளரத் தொடர்ந்து அளந்த ஆய்வு இங்கே இருக்கிறது. அந்தக் குழந்தைகள் இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள், உயர் ரத்த அழுத்தம் வந்து சேரும் வயதில் நிற்கிறார்கள். எடை குறைந்து பிறந்தவர்களின் சிறுநீரகத்தில் வடிகட்டும் நெஃப்ரான்கள் குறைவாக இருக்கும், அதனால் பிற்காலத்தில் அழுத்தம் ஏறும் என்ற கருத்து 1988 முதல் பேசப்படுகிறது. கருவறையில் பட்டினி கிடந்த சிறுநீரகத்தின் நரம்புகள் ஐம்பது வயதில் எப்படி இருக்கின்றன என்று பார்க்கும் வாய்ப்பு உலகில் எத்தனை ஊர்களுக்குக் கிடைக்கும்? வேலூருக்குக் கிடைத்திருக்கிறது. இதை எண்ணும்போதெல்லாம் ஓர் ஆசிரியையாக எனக்குப் பரவசம் உண்டாகிறது.

தேவையும் இங்கேயே இருக்கிறது. 1990களின் முற்பகுதியிலும் 2010–12இலும் வேலூர் நகரிலும் கிராமங்களிலும் எடுக்கப்பட்ட கணக்கெடுப்புகள், இந்த இடைவெளியில் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களின் விகிதம் கூடியதைக் காட்டின.

நடைமுறைக்கு வருவோம். இத்தகைய படமெடுக்கப் பயன்படும் கார்பன்-11 ஏற்றிய பொருள்களின் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம், இருபது நிமிடம். சென்னையில் தயாரித்து அனுப்பினால் ஸ்ரீபெரும்புதூர் தாண்டுவதற்குள் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். ஃபுளூரின்-18இன் அரை ஆயுள் 110 நிமிடம். சென்னையிலிருந்து வேலூருக்குச் சுமார் 140 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் வந்து சேர்ந்த பிறகும் படமெடுக்கப் போதுமான அளவு மிஞ்சும். ஆகவே, எங்களுக்கு உகந்தது ஃபுளூரின் வழிதான் என்பது என் எண்ணம்.

எங்கள் மக்களுக்கென்றே கவனிக்க வேண்டியவையும் உண்டு. இங்கே ரத்த அழுத்தம் உள்ளவர்களில் நீரிழிவும் உள்ளவர்கள் மிகுதி. நீரிழிவு பரிவு நரம்பு நுனிகளையே அரித்துவிடும். அவர்களுக்குப் படத்தில் ஒளிர்வு குறைந்தால், அது நரம்பு அமைதியாக இருப்பதாலா, சிதைந்து போனதாலா? வெளிநாட்டு அளவுகோலைக் கொண்டுவந்து ஆம்பூர்க் காலணித் தொழிலாளியின் படத்தை அளக்க முடியாது. நீரிழிவு இல்லாதவர்கள், உள்ளவர்கள், அழுத்தம் இயல்பாக உள்ளவர்கள் என எல்லாரையும் சேர்த்து நம்முடைய இயல்பளவை முதலில் காண வேண்டும். லபெட்டலால் போன்ற சில பி.பி. மருந்துகளும், மனச்சோர்வுக்குத் தரும் சில மருந்துகளும், மூக்கடைப்பு மாத்திரைகளும் நரம்பின் உறிஞ்சலைத் தடுத்துப் படத்தைக் கெடுக்கும். அவற்றில் பி.பி. மருந்தை நிறுத்தினால் அழுத்தம் எகிறும். எனவே நிறுத்தும் நாள்களில் நோயாளியை வீட்டுக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் வைக்க வேண்டும்.

ஆய்வில் சேர்க்கும் முன் எளியவற்றை முடித்துவிடுங்கள் என்றும் வேண்டுகிறேன். பீடி அக்காவுக்கு முதுகுவலி. மருந்துக் கடையில் சொல்லி வாங்கும் வலி மாத்திரையை ஆண்டுக்கணக்காகப் போடுகிறார். அதுவே பி.பி.யை ஏற்றக்கூடியது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. நான் சொன்ன பிறகுதான் தெரிந்தது. உப்பைத் தக்கவைக்கும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனின் மிகைச் சுரப்பு, குறட்டையோடு வரும் மூச்சுத் தடை, சிறுநீரகத் தமனிச் சுருக்கம் ஆகியவற்றைத் தேடிப் பார்க்க வேண்டும். மலிவான ஸ்பைரோனோலாக்டோன் நான்காவது மாத்திரையாகப் பலருக்கு நன்றாக வேலை செய்கிறது என்று 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. இத்தனைக்கும் பிறகு எஞ்சுபவர்களுக்குத்தான் நரம்புப் படம்.

ஒப்புதல் படிவத்தை எங்களுக்குப் புரியும் தமிழில் எழுதுங்கள். கதிரியக்கம் எவ்வளவு, அது ஒரு சாதாரண சி.டி. ஸ்கேனோடு ஒப்பிட்டால் எப்படி என்று எழுதுங்கள். பீடித் தொழிலாளிக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. ஒரு நாள் மருத்துவமனையில் கிடந்தால் அன்றைய கூலி போய்விடும். அதை ஈடுசெய்யும் தொகையை ஆய்வுச் செலவிலேயே சேர்த்துவிடுங்கள். பாதிப்பு ஏற்பட்டால் இழப்பீடு தர 2019இன் மருத்துவச் சோதனை விதிகள் வழி செய்கின்றன என்பதையும் அவர்களுக்கு வாய்விட்டுச் சொல்லுங்கள். முடிவு எதிர்பார்த்தபடி வராவிட்டாலும், படம் எதையும் கணிக்கவில்லை என்று தெரிந்தாலும், அதையும் வெளியிடுங்கள். அப்படி ஒரு முடிவும் அண்ணியின் கேள்விகளுக்குப் பதில்தான். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு, லட்சங்களைச் செலவழிப்பதா வேண்டாமா என்று ஒரு குடும்பம் தெளிவாக முடிவெடுக்க முடியும்.

அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையின் மருத்துவர்களையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்து ஏழைகள் முதலில் போய் நிற்பது அங்கேதான். அவர்கள் இல்லாமல் எடுக்கும் பட்டியலில் அணைக்கட்டு, ஒடுகத்தூர் போன்ற ஊர்கள் விடுபட்டுப்போகும்.

குடியாத்தத்தில் மக்களுக்கு இந்த ஆய்வை விளக்கும் கூட்டத்தை நடத்த நீங்கள் முன்வந்தால், இடம் பிடித்து ஆள் திரட்டும் வேலையை நானும் என் பழைய மாணவர்களும் ஏற்றுக்கொள்கிறோம். ஆய்வில் தன்னார்வலராகப் பங்கேற்கவும் விருப்பம். எனக்கு நீரிழிவு இல்லை. மூன்று மருந்துகளில் ஒன்று சிறுநீர் பெருக்கி. லபெட்டலால் எடுப்பதில்லை. 24 மணி நேர பி.பி. பதிவும் ஆல்டோஸ்டிரோன் பரிசோதனை முடிவும் கையில் இருக்கின்றன. அழைத்தால் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

மரியாதையுடன்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.